வீட்டில் பாட்டுப் பதிவு: மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

2020 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு நான் அமைத்திருந்த சின்ன ஒலிப்பதிவு அறையில், பக்கத்துத் தெரு மிருதங்க வித்துவான் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் தம்புராவோடு நான் பாடிப் பதிந்து வைத்திருந்த ஆதி தாளக் கீர்த்தனையை ஹெட்போனில் கேட்டபடி வாசித்தார். இன்னொரு ஹெட்போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்மியும் பிசகவில்லை. ஆனால் பதிந்ததைத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் பின்தங்கி விழுந்தது.

மறுபடி வாசித்தார், மறுபடியும் அதே. மூன்றாவது முறைக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், கை தப்பவில்லை. மூன்று தடவையும் ஒரே அளவுதான் தள்ளி நிற்கிறது, பாருங்கள். கை தப்பினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தப்பும். இது பெட்டியின் தப்பு."

வித்துவான் அண்ணா சொன்னதுதான் சரி. திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி அளந்தோம். பாட்டின் சமத்துக்கும் (தாளச் சுற்றின் முதல் தட்டுக்கும்) அவர் அந்தச் சமத்தில் வாசித்த சொல்லுக்கும் நடுவே 120 மில்லிவிநாடி. விநாடிக்கு ஓர் அட்சரம் (தாள எண்ணிக்கை) போகிற காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) அது ஏறக்குறைய அரைக்கால் அட்சரம், அதாவது எட்டில் ஒரு பங்கு. பாட்டு சமத்தில் நிற்க, மிருதங்கம் அரைக்கால் தள்ளி வந்தால் எப்படி இருக்கும் என்று பாடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு வாசித்த கை, என் கணினியில் ஓர் எண் சரியாக இல்லாததால் தாளம் தப்பியதாகக் கேட்டது. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து முழுதாகக் கற்றுக்கொண்டேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது என் மாணவர்களின் பெற்றோர், பக்கத்து ஊர் ஆசிரியர்கள் என்று பலரும் வீட்டில் பதிவு செய்ய ஆசைப்பட்டு வந்து கேட்கிறார்கள்: "எந்த மென்பொருள் நல்லது?" அவர்களுக்குச் சொல்வதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒலியின் தரம் மென்பொருளில் இல்லை. மைக்கில் விழுந்த குரலை, மைக்குக்கும் கணினிக்கும் நடுவே இருக்கும் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி எண்களாக மாற்றுகிறது. மென்பொருள் அந்த எண்களைக் கோப்பில் எழுதுகிறது, அவ்வளவுதான். அதே மைக், அதே அறை, அதே இன்டர்ஃபேஸ் என்றால் இலவச மென்பொருளில் பதிந்த குரலும் விலை உயர்ந்த மென்பொருளில் பதிந்த குரலும் காதுக்கு ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. என் கணக்கில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: பாடுகிறவர் போகிற போக்கில் மென்பொருள் பின்னால் வருகிறதா, அல்லது மென்பொருள் போட்ட தாளக் கட்டத்துக்குள் பாடுகிறவர் போய் உட்கார வேண்டியிருக்கிறதா?

பெரும்பாலான மென்பொருள்கள் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு என்ற கட்டத்தோடுதான் வரும். மெல்லிசையிலும் சினிமா இசையிலும் அது வசதி. ஆலாபனைக்கு, விருத்தத்துக்கு, தாளமில்லாமல் பாடும் பதிகத்துக்கு அந்தக் கட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கீர்த்தனையிலும்கூட நல்ல கச்சேரியில் காலப்பிரமாணம் கடிகாரம் மாதிரி நிற்பதில்லை. நிரவலில் ஒரு இழை ஏறும், சரணத்துக்கு வரும்போது அமரும். இதையெல்லாம் அனுமதிக்கிற மென்பொருள்தான் நமக்கு வேண்டும்.

என்ன பதியப்போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குரலும் தம்புராவும் மட்டும் என்றால், பாடம் பதிந்து மாணவர்களுக்கு அனுப்புவது, போட்டிக்கு ஒரு பாட்டு அனுப்புவது போன்ற வேலை. இதற்குப் பணமே செலவழிக்க வேண்டாம்.

குரலின் மேல் வயலின், அதன் மேல் மிருதங்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு நாளில் பதிவது இரண்டாவது வகை. வீட்டுப் பதிவில் இதுதான் அதிகம் நடக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார ஒரு சின்ன அறை போதாது. இந்த வகையில்தான் மென்பொருள் தேர்வு பெரிய விஷயமாகிறது. எத்தனை டிராக் (தனித்தனிப் பதிவு வரிசை) வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்: குரல் ஒன்று, தம்புரா ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தால் இரண்டு, கஞ்சிராவோ கடமோ ஒன்று. ஆறு. தாளம் போட்டுப் பதிந்த வழிகாட்டி டிராக்கையும் சேர்த்தால் ஏழு. எட்டு டிராக்கில் ஒரு முழுக் கச்சேரி அடங்கிவிடுகிறது. "எல்லையற்ற டிராக்குகள்" என்ற விளம்பர வரிக்காக யாரும் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கீபோர்டில் வாசித்தும் தாளக்கட்டைக் கணினியிலேயே அமைத்தும் மெல்லிசைப் பாட்டு செய்வது. அது வேறு உலகம். அதற்கான மென்பொருளும் வேறு.

மென்பொருள்களைப் பற்றி

ஆடாசிட்டி முதல் வகைக்குப் போதும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாட வேண்டியதுதான். எழுபது வயது ஆசிரியர் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்; இன்றைக்கு அவரே தனியாகப் பதிந்து, இருமலை வெட்டி எடுத்து, மாணவர்களுக்கு அனுப்புகிறார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவும் முடியும். ஆனால் அதற்கு முன் தாமத ஈடு (பின்தங்கிய பதிவை முன்னால் நகர்த்தும் அளவு) என்ற எண்ணை உங்கள் கணினிக்கு அளந்து போட வேண்டும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன். கீபோர்டிலிருந்து மிடி (ஒலிக்குப் பதில், எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற குறிப்பு) பதியும் வேலைக்கு ஆடாசிட்டி ஏற்றதல்ல.

மேக் வைத்திருப்பவர்கள் வேறெதையும் தேடும் முன் கராஜ்பேண்டைத் திறந்து பாருங்கள். கணினியோடு இலவசமாகவே கிடைக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 ஒலி அளவீடு) மட்டும்தான் பதியும்; வீட்டுப் பதிவுக்கு அது குறையே இல்லை. பின்னால் லாஜிக் புரோவுக்கு மாறினால் கராஜ்பேண்ட் வேலைகள் (பிராஜெக்ட் கோப்புகள்) அப்படியே அதில் திறக்கும். லாஜிக்குக்கு அமெரிக்க விலை 199.99 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், இந்தப் பதிப்பு மேக்கில் மட்டுமே ஓடும். அதில் 2018-இல் வந்த ஸ்மார்ட் டெம்போ என்ற வசதி எனக்குப் பிடித்தமானது: நீங்கள் உங்கள் போக்கில் பாடுங்கள், உங்கள் காலப்பிரமாணத்தைக் கேட்டு அது தன் கட்டத்தை மாற்றிக்கொள்ளும். மேலே நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது.

விண்டோஸ்காரர்களுக்கு நான் சொல்வது ரீப்பர். நானும் அதில்தான் வேலை செய்கிறேன். வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கெல் உருவாக்கியது. மிகச் சிறிய மென்பொருள். என் பழைய மடிக்கணினியில் சில விநாடிகளில் திறந்துவிடும். 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய் அளவில். வாங்கிய பதிப்போடு அடுத்த பெரிய பதிப்புக்கும் அந்த உரிமம் செல்லும். குறையும் உண்டு: முதல் நாள் திரையைப் பார்த்தால் பயமாக இருக்கும். எங்கே பார்த்தாலும் அமைப்புகள். ஒரு வாரம் பொறுமையாக இருங்கள். அந்த அமைப்புகளில்தான் நமக்கு வேண்டியது எல்லாம் ஒளிந்திருக்கிறது.

ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் பழுத்த அனுபவமுள்ள மென்பொருள். இன்றைக்குப் பலரும் பயன்படுத்தும் விஎஸ்டி பிளக்-இன் (மென்பொருளுக்குள் செருகி ஓட்டும் துணைக் கருவி) முறையை 1996-இல் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். புரோ டூல்ஸ் பெரிய ஸ்டூடியோக்களின் மொழி; அதன் இலவச இன்ட்ரோ பதிப்பில் எட்டு ஆடியோ டிராக் கிடைக்கிறது. ஸ்டூடியோவில் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் அதில் பழகுவது நல்லது. ஏபிள்டன் லைவ், துண்டு துண்டான இசையை மேடையில் கோத்து வாசிப்பவர்களுக்கு.

எஃப்எல் ஸ்டூடியோ பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தாளக்கட்டு அமைக்க அருமையான மென்பொருள்; ஒரு தடவை வாங்கினால் வாழ்நாள் முழுதும் புதிய பதிப்புகள் இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பான ஃப்ரூட்டியில் குரல் பதிவு செய்யும் வசதி இல்லை. குரலுக்கு அதற்கு மேலே உள்ள புரொடியூசர் பதிப்பு வேண்டும். விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற ஒரு மாணவியின் அப்பாவை எனக்குத் தெரியும்.

எதையும் வாங்கும் முன் உங்கள் இன்டர்ஃபேஸ் வந்த அட்டைப்பெட்டியைத் திரும்பத் திறந்து பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டோடு ஏபிள்டன் லைவ் லைட் வரும். ஸ்டைன்பெர்க் இன்டர்ஃபேஸ்களோடு கியூபேஸின் சிறு பதிப்பான கியூபேஸ் ஏஐ வரும். பதிவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டிய அந்தச் சீட்டைப் பலர் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள்.

தாமதச் சோதனை

தேர்ந்தெடுத்த மென்பொருளில், உங்கள் கணினியில், உங்கள் இன்டர்ஃபேஸோடு இதைச் செய்யாமல் எந்த வித்துவானையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள்.

ஜால்ரா ஒன்றை எடுத்து முதல் டிராக்கில் பத்துத் தட்டுப் பதியுங்கள். தட்டுக்குத் தட்டு நல்ல இடைவெளி இருக்கட்டும். பிறகு ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் வாயில் ஒட்டினாற்போல் வையுங்கள். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு சின்ன கேபிள் போட்டால் இன்னும் துல்லியம். இரண்டாவது டிராக்கில் மானிட்டரை (பதியும் ஒலியை உடனே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். இப்போது முதல் டிராக் ஓட, இரண்டாவது டிராக்கில் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஜால்ராவின் தட்டு செங்குத்தாக எழும்பும் இடம் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் மென்பொருள் தானே சரிசெய்துகொள்கிறது என்று பொருள். இரண்டாவது தள்ளி நின்றால் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மென்பொருளை மூடித் திறந்து இதையே மூன்று தடவை செய்யுங்கள். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால் கவலை இல்லை, திருத்திவிடலாம். ஆடாசிட்டியில் தாமத ஈடு ஆரம்பத்தில் கழித்தல் 130 மில்லிவிநாடி என்று இருக்கும். அது பொதுவான ஓர் எண், உங்கள் கணினிக்காக அளந்தது அல்ல. நீங்கள் அளந்த வித்தியாசத்தைக் கொண்டு அதைத் திருத்துங்கள். ரீப்பரில் பதிவு அமைப்புகளுக்குள் டிரைவர் (இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) சொல்லும் தாமதத்தை எடுத்துக்கொள்ளும் வசதியும், அதற்கு மேல் கையால் எண் போடும் இடமும் உண்டு. மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தால் பிரச்சினை பெரும்பாலும் டிரைவரில். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் கொடுத்திருக்கும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் போட்டு, மென்பொருளில் அதையே தேர்ந்தெடுத்து மறுபடி சோதியுங்கள்.

பாடும்போது தன் குரலே தனக்குத் தாமதமாகக் கேட்பது வேறொரு தொல்லை. அதற்குக் காரணம் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் (ஒலி அளவீடுகளின்) எண்ணிக்கை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிவிநாடி, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று அது ஏறக்குறைய இரட்டிக்கும். ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்த வயலின்காரருக்கு உங்கள் குரல் 6 மில்லிவிநாடி கழித்துத்தான் போய்ச் சேர்கிறது, அவர் அதை உணர்வதே இல்லை. அதனால் பதியும்போது 128 அல்லது 256, மிக்ஸிங் (பதிந்தவற்றைக் கலந்து சமன்செய்வது) செய்யும்போது 1024 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டர் பொத்தான் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குரல் கணினிக்குள் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும்.

மின்வெட்டுச் சோதனை

நம் ஊரில் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. ஒரு பெரியவர் நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் ராகம் பாடி முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால், அவரை மறுபடி பாடச் சொல்ல எனக்கு வாய் வராது.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நிமிடம் எதையாவது பதிந்துகொண்டே இருங்கள். நடுவில் மென்பொருளை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜருக்குப் போய் நிறுத்தலாம். திரும்பத் திறந்தால் பத்து நிமிடமும் இருக்கிறதா? ஆடாசிட்டி, மீட்டெடுக்கவா என்று கேட்கும். ரீப்பர் பதியப் பதிய வட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறது. நான் சோதித்தபோது கோப்பு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒரு பழக்கம் வேண்டும்: பதிவுப் பொத்தானைத் தொடும் முன்பே வேலைக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். சேமிக்காமல் பதிந்தால் கோப்புகள் எங்கோ ஒரு பொது ஃபோல்டரில் பெயர் தெரியாமல் போய் விழும். பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

கட்டத்தை அணைப்பது

மென்பொருளில் மெட்ரோனோமை (யந்திரத் தட்டை) நிறுத்துங்கள், துண்டுகளைக் கட்டத்தோடு ஒட்டும் ஸ்நாப் வசதியை நிறுத்துங்கள், அளவுகோலைத் தாளக்கட்டத்திலிருந்து நிமிடம், விநாடிக்கு மாற்றுங்கள். இந்த மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது உங்களுக்கான மென்பொருள் அல்ல.

ரீப்பர்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வேலையின் அமைப்புக்குள் டைம்பேஸ் என்று இருப்பதை நேரம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், ஆலாபனை பதிந்த பிறகு கீர்த்தனைக்காகக் கால வேகத்தை மாற்றினீர்கள் என்றால் பதிந்த துண்டுகள் இடம் மாறிவிடும். எனக்கு ஒரு தடவை வயலின் துண்டுகள் எல்லாம் இப்படி நகர்ந்துபோய் ஒரு மாலை முழுதும் போயிற்று.

மெட்ரோனோமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வித்துவான்கள் வெவ்வேறு நாளில் வருவார்கள் என்றால் ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டும்தான். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்துக்கு மென்பொருளில் ஏழுக்கு எட்டு என்று போட்டுவிட்டு, தகிட தகதிமி வரும்படி ஒன்று, நான்கு, ஆறு ஆகிய தட்டுகளுக்கு அழுத்தம் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள், ரீப்பரில் முடிகிறது. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. முதல் டிராக்கில் நானே கையால் தாளம் போட்டு, வாய்க்குள் பாட்டை ஓட்டியபடி, முழுப் பாட்டுக்கும் பதிந்துவிடுவேன். அனுபல்லவிக்கு முன் மூச்சு வாங்கும் இடம், சிட்டைஸ்வரம் முடிந்து பல்லவியை எடுக்கும் இடம் எல்லாம் அந்தத் தட்டில் உயிரோடு இருக்கும். குரலும் வயலினும் மிருதங்கமும் அதைக் கேட்டுப் பதியும். கடைசியில் அந்த டிராக்கை ஒலியடக்கிவிடுவேன். யந்திரத் தட்டைக் கேட்டு வாசித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வித்துவான்கள் கேட்டவுடனே சொல்லிவிடுகிறார்கள்.

தம்புராவும் கமகமும்

தம்புராவைக் குரல் மைக்கில் விழவிடாதீர்கள். இதை எல்லாருக்கும் அழுத்திச் சொல்கிறேன். காரணம் வெட்டி ஒட்டும்போதுதான் தெரியும். பல்லவியின் மூன்றாவது சங்கதியை (வரியின் மாற்று வடிவத்தை) இரண்டாவது டேக்கிலிருந்து (இரண்டாம் முறை பாடிப் பதிந்ததிலிருந்து) எடுத்து முதல் டேக்கில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். குரலின் இணைப்பு காதுக்கே தெரியாது. ஆனால் பின்னால் ஓடும் பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்ற தம்புராவின் நான்கு தந்திச் சுற்று அந்த இடத்தில் அறுந்து, பஞ்சமம் மீட்டிய கையோடு மந்தரம் விழும். சங்கீதம் தெரியாதவர்கூட அங்கே ஏதோ தடுக்கியது என்று உணர்வார். தம்புரா ஹெட்போனில் மட்டும் ஒலிக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு தனி டிராக்கில் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாகத் தம்புராவை இடுங்கள்.

சுருதிப்பெட்டியின் நுண்திருகையும் கவனியுங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி. ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸாக வைக்கும் பொது அளவில் மத்திய ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். திருகு கொஞ்சம் விலகி நின்றால் தனியாகப் பாடும்போது யாருக்கும் தெரியாது. பின்னால் வேறு ஊரிலிருந்து ஒருவர் கீபோர்டோ புல்லாங்குழலோ சேர்க்கும்போது உரசும். மென்பொருளோடு வரும் டியூனரில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சுருதித் திருத்தம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. என் மாணவி ஒருத்தி தோடி ராகம் பாடிப் பதிந்ததை மிக்ஸிங்குக்காக வெளியே கொடுத்திருந்தோம். திரும்பி வந்ததைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல. அது அசைவதனால்தான் தோடி. அந்த அசைவைப் பிழை என்று எண்ணி மென்பொருள் பக்கத்திலிருக்கும் அரைஸ்வரத்தில் பிடித்து நிறுத்திவைத்திருந்தது. ஹார்மோனியக் கட்டையில் விரல் வைத்தாற்போல் நின்றது காந்தாரம். ஆறு மாதம் அவள் அந்த ஒரு ஸ்வரத்துக்காக உழைத்திருந்தாள். 1997-இல் ஆட்டோடியூன் வந்ததிலிருந்து இந்த வகைக் கருவிகள் பெருகிவிட்டன. பன்னிரண்டு ஸ்வரத்தில் எது பக்கமோ அங்கே இழுப்பதுதான் அவற்றின் இயல்பு. அதனால் மென்பொருளில் இந்த வசதி இருந்தால் அது தானாக ஓடாமல் அணைந்திருக்கிறதா, ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நீண்ட ஷட்ஜம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைத் தூக்குவதில் தவறில்லை. ஸ்வரத்தின் அசைவான கமகத்தின் மேல் கை வைக்க வேண்டாம். மறுபடி பாடுங்கள்.

பணமும் உரிமமும்

திருட்டுப் பதிப்பு வேண்டாம். கடையில் மடிக்கணினி வாங்கும்போதே "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். ஒரு கடையில் எனக்கும் அப்படிப் போட்டுத் தந்தார்கள்; ஒரு மாணவியின் போட்டிக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அது திறக்க மறுத்துவிட்டது. அதோடு வந்த வைரஸைத் துடைக்கக் கணினி முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. அது தவிர, ஒருவர் உழைப்பில் செய்ததைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு, நம் பாட்டை மட்டும் யாரும் திருடக்கூடாது என்று எப்படிச் சொல்வது? இலவசமாகவும் ஐயாயிரம் ரூபாய்க்கும் இவ்வளவு நல்லவை கிடைக்கும் காலத்தில் அதற்கு அவசியமே இல்லை.

மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று வரும் மென்பொருள்களை, அதில் சம்பாதிப்பவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாதத்துக்கு இரண்டு பாட்டுப் பதிபவருக்கு ஒரே தடவை கட்டும் விலைதான் பொருந்தும்.

மீதியை மைக்குக்கும் அறைக்கும் செலவழியுங்கள். எங்கள் அறையின் மூன்று சுவர்களிலும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் சாய்ந்து நிற்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. அதனால் ஒரு டேக் பத்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்கிறோம், பெரியவர்களின் ஆலாபனை மட்டும் விலக்கு. பஸ் ஹாரன் ஓய்ந்திருக்கும் விடிகாலை நான்கரை மணிதான் எங்கள் நேரம், மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கிக்காக இரவு பத்துக்கு மேல். கணினியைப் பொறுத்தவரை 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள பழைய மடிக்கணினி எட்டு டிராக்குக்குத் தாராளம்.

நிறுவிய அன்றே

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமையுங்கள் (கராஜ்பேண்டில் மட்டும் 44.1). ஒரு டிராக் ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். எட்டு டிராக்கில் ஒரு மணி நேரம் என்றால் 4 ஜிபிக்குக் கொஞ்சம் அதிகம். வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தாளம், குரல், தம்புரா, வயலின், வலந்தலை, தொப்பி என்று பெயரிட்ட வெற்று வேலை ஒன்றை அச்சாக (டெம்ப்ளேட்டாக) சேமித்து வையுங்கள்; ஒவ்வொரு முறையும் அதைத் திறந்தால் பத்து நிமிடம் மிச்சம்.

பாட்டு முடிந்ததும் மென்பொருளின் கோப்பை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஆண்டுக்கணக்கில் அதில் வேலை செய்தவர்கள் தவித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகவே வெளியிட்டது நல்ல காலம். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே, அங்கே மௌனமாக இருந்தாலும் சரி, தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். அப்படி எடுத்தவற்றை எந்த மென்பொருளில் இறக்கினாலும் எல்லாம் ஒன்றோடொன்று சரியாக உட்காரும். வேறு ஸ்டூடியோவுக்கு மிக்ஸிங் அனுப்பவும் இதே வழிதான். கூடவே ஒரு சின்ன உரைக்கோப்பு: ராகம், தாளம், எத்தனை கட்டை, யார் வாசித்தது, எந்தத் தேதி.

அந்த நவம்பர்ப் பதிவும் இப்படித்தான் வெளி வட்டில் இருக்கிறது. தாமதத்தை அளந்து சரிசெய்த பிறகு, அண்ணா வாசித்த முதல் டேக்கையே 120 மில்லிவிநாடி முன்னால் நகர்த்தி வைத்தேன். அவர் அன்று மாலை மறுபடி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, மடியில் தாளம் போட்டபடி கடைசித் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வரை கேட்டார். மறுபடி வாசிக்க வேண்டியிருக்கவில்லை.